கிட்டங்கியும் கலைக்கூடமும்

கப்பல்கள் வேறிடம் பெயர்ந்த பின்னர் பாழாய்க் கிடந்த துறைமுகக் கிட்டங்கிகளைக் கலைக்கூடங்களாக மாற்றும் முயற்சி இன்று கீழைத்தேயப் பட்டினங்கள் பலவற்றிலும் நடைபெற்று வருகின்றது. மூட்டைகள் அடுக்கியிருந்த சுவரில் ஓவியம் தொங்குகின்றது. தராசு நின்ற முற்றத்தில் சிற்பம் நிற்கின்றது. இடிந்து மண்ணாவதைக் காட்டிலும் இது நல்லதன்றோ என்பார் உளர். நல்லதுதான், அதில் நமக்கு வழக்கில்லை. ஆயினும் ஒரு கட்டிடத்தின் சரித்திரம் கல்லிலும் மரத்திலும் அடங்கிவிடுவதில்லை. அதனுள்ளே நடந்த உழைப்பும், அவ்வுழைப்பினின்று பிறந்த செல்வமும், அச்செல்வம் சென்ற வழியும் சேர்ந்ததே அதன் சரித்திரம். சுவரைக் காப்பாற்றுவோர் இச்சரித்திரத்தின் எந்தப் பகுதியைக் காப்பாற்றுகின்றனர் என்று கேட்பது விமரிசனத்தின் வேலை. 2023ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் கேரளத்தின் கொச்சிக் கோட்டைக்குச் சென்று, அங்கே கடலோரக் கிட்டங்கிகளில் நடைபெற்ற கொச்சி–முசிறி ஈராண்டுக் கலைவிழாவைக் கண்டபோது இக்கேள்வியே நம்மைத் தொடர்ந்து வந்தது.

கொச்சியின் கதை இலங்கையருக்கு அந்நியமான கதையன்று. 1503இல் போர்த்துக்கேயர் அங்கே கோட்டை கட்டினர். 1663இல் ஒல்லாந்தர் அதனைப் பிடித்தனர். 1795இல் அது ஆங்கிலேயர் கைக்கு வந்தது. நம் நாட்டுக் கரையோரத்தை ஆண்ட அதே மூவர், அதே வரிசையில். அவர்களை அங்கும் இங்கும் இழுத்து வந்த பொருள்களும் ஏறத்தாழ ஒன்றே: அங்கே மிளகு, இங்கே கறுவா. ஆங்கிலேயர் காலத்தில், 1867ஆம் ஆண்டு, ஜோன் ஆஸ்பின்வால் என்னும் வணிகர் கோட்டைக் கரையில் ஒரு வாணிபத் தலத்தை நிறுவினார். மிளகு, இஞ்சி, மஞ்சள், தேங்காயெண்ணெய், தோல், பின்னர் கயிறு, கோப்பி, தேயிலை, இறப்பர் என மலைநாட்டிலும் கரைநாட்டிலும் விளைந்ததெல்லாம் அங்கே வந்து குவிந்து கப்பலேறியது. அத்தலத்துக்கு இன்றும் ஆஸ்பின்வால் மாளிகை என்றே பெயர்.

இருபதாம் நூற்றாண்டில் நிலைமை மாறிற்று. ராபர்ட் பிரிஸ்டோ என்னும் பொறியியலாளரின் திட்டப்படி துறைமுக வாய் ஆழமாக்கப்பட்டு, அகழ்ந்தெடுத்த மண்ணினாலேயே வில்லிங்டன் தீவு உருவாக்கப்பட்டது. பெரிய கப்பல்கள் அங்கே அணையத் தொடங்கின. பிற்காலத்தில் கொள்கலன் கப்பல்கள் வந்தன. 2011இல் வல்லார்பாடத்தில் அவற்றுக்கெனத் தனிமுனையம் திறக்கப்பட்டது. தோணியும் தோளும் சுமந்ததை இயந்திரக் கை தூக்கிற்று. கோட்டைக் கரையின் கிட்டங்கிகள் வெறுமையாயின. வெறுமையான அவ்விடங்களிலேதான் 2012 டிசம்பர் 12ஆம் திகதி ஓவியர்களான போஸ் கிருஷ்ணமாச்சாரியும் ரியாஸ் கோமுவும் முன்னின்று, கேரள அரசாங்கத்தின் பொருளுதவியோடு, முதல் கலைவிழாவைத் தொடங்கினர். ஆஸ்பின்வால் மாளிகை அதன் நடுநாயகமாயிற்று. கட்டிடத்தின் உரிமையோ நிலவணிகம் செய்யும் பெருநிறுவனம் ஒன்றினிடம் இருந்தது. கலைவிழாவுக்கு அது இரவலாகக் கொடுக்கப்பட்டது. கலைக்கு இரவல் கிடைத்த இடம் என்பதை வாசகர் மனத்திற் கொள்ளல் நன்று.

முதலில் பாராட்ட வேண்டியதைப் பாராட்டி விடுவோம். ஓவியக் கண்காட்சி என்றாலே குளிரூட்டிய மண்டபத்தில் நாலு கனவான்கள் கிசுகிசுத்து நடக்கும் காட்சியே நம் நினைவுக்கு வரும். இங்கே அப்படியில்லை. அண்டை அயலார் குடும்பம் குடும்பமாக வந்திருந்தனர். பாடசாலைப் பிள்ளைகள் வரிசையில் நின்று, ஆசிரியர் வாய் திறக்குமுன்னே தம் கருத்தைச் சொல்லிவிட்டு நகர்ந்தனர். முக்காடிட்ட மூதாட்டி ஒருவர் ஒரு காணொளியின் முன் நெடுநேரம் அமர்ந்திருந்தார். அவருக்கு அது விளங்கிற்றா என்று ஐயுறும் உரிமை நமக்கில்லை, ஏனெனில் நமக்கே அது பாதிதான் விளங்கிற்று. 2014 முதல் கலைக்கல்லூரி மாணவர்க்கெனத் தனிவிழாவும் சேர்ந்து நடைபெற்று வருகின்றது. கலையை மக்களிடம் கொண்டு செல்லல் என்று நாம் மேடையில் முழங்கிவந்ததை ஓரளவேனும் செய்து காட்டியிருக்கின்றனர். இதை மறுப்பது நேர்மையாகாது.

அப்படியானால் குறை யாது?

மிளகிலிருந்து தொடங்குவோம். மாத்தளை மாவட்டத்தார்க்கு மிளகு புத்தகத்துச் செய்தியன்று. இலங்கையில் மிளகு விளையும் முதன்மையான இடங்களுள் நம் மாவட்டமும் ஒன்று. ஏற்றுமதிப் பயிர்களுக்கான அரசாங்க ஆராய்ச்சி நிலையமும் இங்கேயே இருக்கின்றது. கொடி படர்ந்த மரத்தில் ஏணி சார்த்திக் கதிர் பறிப்போரையும், சாக்கிலே பரப்பிய மிளகைக் காலால் துழாவித் துழாவி உலர்த்தும் பெண்களையும் நம் மாணவர்களின் வீட்டு முற்றங்களிலே காண்கிறோம். மூன்று கிலோ பச்சை மிளகு காய்ந்தால் ஒரு கிலோ கருமிளகு தேறும். அந்த ஒரு கிலோவின் பின்னே எத்தனை கைகள்! அக்கரையிலும் இதுவே கதை. பறித்தவர், உலர்த்தியவர், புடைத்தவர், மூட்டை கட்டியவர், தோணியில் ஏற்றியவர் என்று எத்தனையோ கைகள் மாறிய பண்டம், கிட்டங்கி வாசலில் ஆஸ்பின்வால் என்னும் ஒரே பெயருக்குள் அடங்கிற்று. கலைவிழா வந்த பின்னரும் அந்த ஒரு பெயரே நிலைத்து நிற்கின்றது.

முதல் விழாவில் இம்மிளகைப் பொருளாக வைத்து விவான் சுந்தரம் ஒரு படைப்பைச் செய்தார். ‘கருந்தங்கம்’ என்று பொருள்படும் தலைப்பு அதற்கு. முசிறி இருந்த இடமாகக் கருதப்படும் பட்டணம் என்னும் ஊரில் தொல்லியலாளர் தோண்டியெடுத்து, வேண்டாமென்று ஒதுக்கிய பானையோடுகளை ஆயிரக்கணக்கில் அடுக்கி, ஒரு கற்பனை நகரத்தைக் கட்டி, அதன்மீது நீரையும் மிளகையும் பாயவிட்டார். அரிய கற்பனை. குயவன் கை பட்ட ஓடு அரசனின் பொற்காசைப் போலவே சரித்திரச் சான்றாகும் என்னும் உண்மை அதனுள் அடங்கியிருந்தது. ஆனால் ஈராயிரம் ஆண்டுக்கு முந்திய யவனர் மரக்கலத்தை நினைக்கத் தூண்டிய அக்கற்பனை, எழுபது ஆண்டுக்கு முந்திய சுமைதூக்கியை நினைக்கத் தூண்டவில்லை. பழமை எவ்வளவுக்கெவ்வளவு தொலைவில் இருக்கின்றதோ அவ்வளவுக்கவ்வளவு அது அழகாகத் தெரிகின்றது. கடன் கேட்டு வருவதில்லை.

எழுபது ஆண்டு என்று கணக்கிட்டே சொன்னோம். கோட்டையிலிருந்து அரைமணி நேரம் நடந்தால் மட்டாஞ்சேரி. அங்கே துறைமுகத் தொழிலாளர்க்கு வேலை கொடுத்த முறைக்குச் ‘சாப்பா’ முறை என்று பெயர். சாப்பா என்பது ஓர் உலோக வில்லை. விடியற்காலையில் வேலைக்கென்று கூடி நிற்கும் கூட்டத்தின் நடுவே, கப்பல் வேலையைக் குத்தகைக்கு எடுத்தவனின் ஆள் அவ்வில்லைகளை அள்ளி வீசுவான். எவன் கையில் வில்லை அகப்பட்டதோ அவனுக்கு அன்று வேலை. அகப்படாதவன் வீட்டில் அன்று அடுப்பெரியாது. வில்லைகள் நூறு, கைகள் ஐந்நூறு என்றால் என்ன நடக்கும்? ஒருவனை ஒருவன் மிதித்தான். அண்ணன் தம்பியை இடித்துத் தள்ளினான். தொழிலாளி தொழிலாளிக்குப் பகைவனாக்கப்பட்டான். முதலாளிக்கு இதைவிடச் சிக்கனமான காவற்படை வேறெங்கே கிடைக்கும்? இம்முறையை ஒழித்து, வேலை பகிரும் உரிமையைச் சங்கத்திடம் தரவேண்டுமென்று தொழிலாளர் போராடினர். 1953 செப்டம்பர் 15ஆம் திகதி மட்டாஞ்சேரியில் காவற்படை அவர்கள்மீது சுட்டது. சைது, சைதலவி என்னும் இரு தொழிலாளர் குண்டுபட்டு மாண்டனர். அந்தோணி என்பவர் காவலில் பட்ட அடியினால் உயிர் துறந்தார். சாப்பா முறை அதன் பின்னரும் 1960களின் தொடக்கம் வரை நீடித்தது.

வீசியெறிந்த அவ்வில்லையைப் பற்றிக் கேட்டதும் நமக்கு வேறொரு வில்லை நினைவுக்கு வந்தது. மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே அநுராதபுரமும் தம்புள்ளையும் கடந்து, மாத்தளை வரை நடந்தே வந்த கோப்பித் தோட்டத் தொழிலாளரின் பேரப்பிள்ளைகளுக்கு அது தெரியாத பொருளன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தமிழகத்திலிருந்து தோட்டங்களுக்கு ஆள் சேர்த்தபோது, சேர்ந்தவனுக்குத் தோட்டத்தின் எண் பொறித்த ஒரு தகர வில்லையைக் கொடுத்தனர். கயிற்றில் கோத்து அணிந்துகொண்டால் வழியிற் சோறும் வண்டியும் கிடைக்கும்; செலவெல்லாம் தோட்டக் கணக்கில் ஏறிப் பின்னர் கங்காணியின் வழியாகத் தொழிலாளியின் கடனாக இறங்கும். கடனைத் தீர்க்காதவன் தோட்டத்தை விட்டு நகர ‘துண்டு’ என்னும் சீட்டு வேண்டும். அதில் அவன் பெயரைவிட அவன் கடன் தெளிவாக எழுதப்பட்டிருக்கும். துண்டு முறையை ஒழிக்க 1921ஆம் ஆண்டுச் சட்டம் வரவேண்டியிருந்தது. கொச்சியில் வில்லையை வீசினர். இங்கே கழுத்தில் கட்டினர். மனிதனை எண்ணாக்கும் வித்தையில் இரு கரைகளுக்கும் வேற்றுமை இல்லை. கொழும்புத் துறைமுகத்தில் மலையாளத் தொழிலாளரும் தமிழ்த் தொழிலாளரும் சிங்களத் தொழிலாளரும் ஒன்றாய் மூட்டை சுமந்த காலத்தில், 1930களில், மலையாளிகளை வெளியேற்று என்று கிளம்பிய குரலையும் இங்கே நினைவுகூரலாம். குத்தகைக்காரன் வில்லை வீசாமலேயே அங்கே சண்டை மூட்டிவிட முடிந்தது.

ஆஸ்பின்வால் மாளிகையில் நாம் நடந்த அறைகளிலே, வெள்ளையடித்த சுவர்களிலே, சாப்பாவைப் பற்றிய ஒரு சொல்லும் நம் கண்ணிற் படவில்லை. ஜன்னலூடே பார்த்தால் கொள்கலன் கப்பலொன்று மெல்ல நகர்ந்து செல்லும் காட்சி மிக அழகாயிருந்தது. அந்த ஜன்னலையே ஒரு படைப்பெனக் கருதிப் பலர் படம் எடுத்துக்கொண்டிருந்தனர்.

உழைப்பாளரின் துயரம் கலைவிழாவில் இடம்பெற்றதே இல்லை என்று சொன்னால் அது பொய்யாகும். இடம்பெற்றிருக்கின்றது, அதுவும் மிகச் சிறப்பாக. 2018ஆம் ஆண்டு விழாவில் தென்னாபிரிக்க ஓவியர் சூ வில்லியம்சன், ஒல்லாந்தக் கம்பெனி இந்தியாவிலிருந்து அடிமைகளாக நன்னம்பிக்கை முனைக்குக் கொண்டுபோய் விற்ற மனிதரின் பெயர்களை விற்பனைப் பத்திரங்களில் தேடியெடுத்து, பருத்திச் சட்டைகளில் எழுதி, கொடியில் உலர்த்துவதுபோல் தொங்கவிட்டார். 119 பத்திரங்கள். வணிகன் எழுதி வைத்த கணக்கையே வணிகனுக்கெதிரான சாட்சியாக்கிய அப்படைப்பை இவ்வகைக் கலையின் உரைகல் எனலாம். அதே விழாவில் வங்கப் பஞ்சத்தை வரைந்த சித்தப்பிரசாத்தின் சித்திரங்களும் வைக்கப்பட்டன. அதற்கு முந்திய விழாவில், 2016இல், சிலி நாட்டுக் கவிஞர் ரவுல் சூரிட்டா ஒரு கிட்டங்கி முழுவதும் கடல்நீரை நிரப்பினார். முழங்கால் நீரில் நடந்து சென்றே சுவரிலுள்ள வரிகளைப் படிக்க வேண்டும். 2015இல் கடலில் மூழ்கி மாண்ட சிரியக் குழந்தை அலன் குர்தியின் படத்தை உலகம் பார்த்தது. அவனோடு மூழ்கிய அண்ணன் காலிப்பை ஒருவரும் படம் பிடிக்கவில்லை. அந்த அண்ணனுக்கே கவிஞர் தம் கடலைக் காணிக்கையாக்கினார். இதைப் படித்தறிந்தபோது, 1864இல் தொழிலாளரை ஏற்றிக்கொண்டு இலங்கைக்கு வந்த ஆதிலட்சுமி என்னும் கலம் மூழ்கி நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டதை நாம் எண்ணாதிருக்க முடியவில்லை. அவர்களுக்கு எந்தக் கிட்டங்கியில் நீர் நிரப்பினோம்?

ஆகவே குறை கலைஞரின் மனச்சாட்சியில் இல்லை. வேறோரிடத்தில் இருக்கின்றது. சிரியாவின் துயரமும் நன்னம்பிக்கை முனையின் துயரமும் வங்கத்தின் துயரமும் அக்கிட்டங்கிக்குள் நுழைய முடிந்தது. கிட்டங்கியின் சொந்தத் துயரம் வாசலிலேயே நிற்கின்றது. தொலைவிலுள்ள கொடுமைக்கு இரங்குவதால் எவருடைய நலனும் பாதிக்கப்படுவதில்லை. அருகிலுள்ள கொடுமையைப் பேசத் தொடங்கினால், இக்கட்டிடம் யாருடையது, இதை இரவல் கொடுத்தவர் யார், இச்சுவருக்கு வெள்ளையடித்தவனுக்குக் கூலி கிடைத்ததா என்று பேச்சு நீளும். இது வீண் குதர்க்கமன்று. 2018ஆம் ஆண்டு விழாவைத் தொகுத்த அனிதா தூபே அதற்கு இட்ட தலைப்பு ‘அந்நியமாகாத வாழ்வுக்கான சாத்தியங்கள்’ என்று பொருள்படுவது. மார்க்சின் இளமைக்கால எழுத்துகளைப் படித்தவர்க்கு அச்சொல்லின் கனம் தெரியும். அவ்விழா முடிந்ததும், 2019ஆம் ஆண்டு, மண்டபங்களை அமைத்த ஒப்பந்தக்காரரும் வேலையாட்களும் தமக்குச் சேரவேண்டிய பணம் சேரவில்லையென்று பகிரங்கமாக முறையிட்டனர். அமைப்பாளர் அவர்கள் காட்டிய கணக்கை மறுத்தனர். எவர் கணக்குச் சரி என்று தீர்ப்புக் கூறுவது நம் வேலையன்று. உழைப்பாளி தன் உழைப்பினின்று அந்நியமாவதைப் பற்றிய கண்காட்சியிலே, அதனைக் கட்டியெழுப்பியவர்கள் கூலிக்காகத் தெருவில் நின்று பேச நேர்ந்தது என்பதொன்றே போதும்.

கிட்டங்கிக்குள் வராத சரித்திரம் வேறிடத்தில் வந்தது. நாம் கொச்சியில் இருந்த அதே மார்ச்சு மாதம் 10ஆம் திகதி, ராஜீவ் ரவி இயக்கிய ‘துறமுகம்’ என்னும் மலையாளப் படம் திரையரங்குகளுக்கு வந்தது. கே. எம். சிதம்பரன் 1968இல் எழுதிய நாடகத்தை அடியாகக் கொண்ட படம் அது. ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஓடும், இடையிடையே தொய்கின்றது, ஊதாரி மகன் ஒருவனின் கதை போராட்டத்தின் கதையைச் சில இடங்களில் விழுங்கிவிடுகின்றது. எனினும் வில்லை வீசப்படும் காட்சியில், சேற்றில் புரண்டு ஒருவர் கையை ஒருவர் முறுக்கும் அம்மனிதக் குவியலைக் கண்டவர், பின்னர் ஆஸ்பின்வால் மாளிகையின் முற்றத்தைப் பழைய கண்ணோடு பார்க்க முடியாது. வணிகப் படமொன்று செய்த வேலையை ஆறு வாரத் தூரத்துக் கண்டங்களிலிருந்து ஓவியரை வரவழைக்கும் பெருவிழா செய்யவில்லை. அதற்கும் முன்னே, ஒரு நாடகாசிரியர் தம் ஊர்க்காரர் சிந்திய இரத்தம் காய்ந்து பதினைந்தே ஆண்டில் அதனை எழுதிவிட்டார். அந்நாடகத்தை அம்முற்றத்திலேயே நடித்தால் என்ன? கடலும் கிட்டங்கியும் காட்சிச் செலவின்றிக் கிடைக்குமே!

வாடகையைப் பற்றியும் ஒரு சொல். கலை குடியேறிய இடத்தில் விலை குடியேறுகின்றது. மலேசியாவில் பினாங்கு ஜார்ஜ் டவுணில் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000ஆம் ஆண்டோடு முடிவுற்றது. தலைமுறை தலைமுறையாக இருந்த வாடகைக் குடிகள் பலர் வெளியேறினர். 2008இல் அது உலக மரபுச் சின்னமாயிற்று. 2012இல் சுவரோவியங்கள் வந்தன. வெளியேறியவர்களின் சுவரில் அவர்களைப் போன்ற சிறுவர்களின் ஓவியம்! நம் காலிக் கோட்டைக்கு வெகு தூரம் போகவேண்டியதில்லை. 1988இல் உலக மரபுச் சின்னம். 2007 முதல் ஆங்கில இலக்கிய விழா. குடும்பங்கள் வாழ்ந்த ஒல்லாந்தர் காலத்து வீடுகள் ஒவ்வொன்றாக விடுதிகளாகவும் கடைகளாகவும் மாறின. கொச்சிக் கோட்டையில் இது இன்னும் முற்றுப்பெறவில்லை. மீனவர் சீன வலையை இன்றும் இழுக்கின்றனர்; ஆயினும் வலையில் விழும் மீனைவிட, வலையைப் படமெடுக்க வருவோர் தரும் காசே அவர்களுக்கு நம்பிக்கையான வரும்படியாகி வருகின்றது.

இத்தனையும் மாத்தளையிலிருந்து ஏன் பேசுகிறோமென்றால், இதே வேலை நம் மலைநாட்டிலும் தொடங்கிவிட்டது. கந்தப்பளையில் பழைய தேயிலைத் தொழிற்சாலை ஒன்று உயர்தர விடுதியாகியிருக்கின்றது. துரைமார் பங்களாக்கள் பலவும் அவ்வாறே. ஹந்தானையில் மூடிக் கிடந்த தொழிற்சாலை 2001இல் தேயிலை அருங்காட்சியகமாயிற்று. அங்கே உருளை இயந்திரங்களும் துரைமாரின் பொருட்களும் துப்புரவாக வைக்கப்பட்டுள்ளன. இவற்றுக்கு மாறாக, கம்பளைக்கு அருகே பழைய பீக்கொக் தோட்டத்தில் 2007இல் தொடங்கப்பட்ட தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம், ஒரு லயத்தின் அறைகளிலேயே அமைந்திருக்கின்றது. அதில் பெரிய ஓவியரின் படைப்பு ஒன்றுமில்லை. கொழுந்துக் கூடை, கவ்வாத்துக் கத்தி, பழைய துண்டுக் காகிதங்கள், அம்மி, விளக்கு. அறையின் அகலமே அங்கே முதற் காட்சிப்பொருள். உள்ளே நான்கு பேர் நுழைந்தால் ஐந்தாமவர் வெளியே நிற்கவேண்டும். மாணவர்களை அழைத்துச் செல்வோர் முதலில் அந்த அகலத்தை அளக்கச் சொல்லட்டும். அந்த அறையில் ஒரு குடும்பம் சமைத்து, உறங்கி, பிள்ளை பெற்று வாழ்ந்ததென்று பின்னர் சொல்லட்டும்.

மலையக மக்கள் இந்நாட்டுக்கு வந்து 200 ஆண்டு நிறைவுற்றதைக் குறித்து, 2023 ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரிலிருந்து புறப்பட்ட நடைபயணம், முன்னோர் நடந்த வழியிலேயே ஏறத்தாழ 250 கிலோமீற்றர் நடந்து ஆகஸ்டு 12ஆம் திகதி மாத்தளையை அடைந்தது. நிலம், வீடு, கூலி, சம குடியுரிமை என்று கோரிக்கைகள் எழுதிய பதாகைகளைத் தாங்கி அவர்கள் நகருக்குள் நுழைந்தனர். அதன் பின்னர் நினைவுச்சின்னம், மரபுப் பாதை, கலைக்கூடம் என்னும் பேச்சுகள் எழுந்துள்ளன. 1880இல் இருப்புப்பாதை வந்தபோது எழுந்த பழைய கட்டிடங்களும், நகரைச் சுற்றிப் பயன்படாது கிடக்கும் கிட்டங்கிகளும் அத்தகைய முயற்சிக்கு ஏற்றனவே. நாளை அவற்றுக்கும் யாரேனும் வெள்ளையடிக்க வரலாம். வரட்டும். ஆனால் கொச்சியில் வேலை செய்தவனின் வில்லைக்கு இடமில்லாது போனதுபோல் இங்கே தகர வில்லைக்கு இடமில்லாது போகுமாயின், அந்த இடத்துக்கு எந்தத் துரையின் பெயரையும் இட்டுக்கொள்ளலாம். அன்று மாத்தளையில் கூட்டம் கலைந்ததும், ஊர்வலத்தில் வந்திருந்த தோட்டத் தொழிலாளருட் பலர் திரும்பிச் சென்றது லயங்களுக்கே.